செபியாப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் கல்யாண அல்பமும் நினைவு மலரும் செய்யும் இடங்களில் "கொஞ்சம் பழைய படம் மாதிரி, மண்ணிறமாக வேண்டும்" என்று கேட்பவர்கள் குறைவதில்லை. செபியா என்ற பெயர் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் கேட்பது ஒன்றைத்தான். படத் திருத்த மென்பொருளோடு நாள் முழுவதும் இருப்பவன் என்பதால் என்னிடம் வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளம். சிலவற்றுக்கு ஒரு வரி போதும்.

செபியா என்பது உண்மையில் என்ன?

கறுப்பு வெள்ளைப் படத்தின் கறுப்பை மண்ணிறமாக்கும் இருட்டறை வேலை. கறுப்பு வெள்ளைத் தாளில் நமக்குப் படமாகத் தெரிவது நுண்ணிய வெள்ளித் துகள்கள். அந்தப் படத்தை முதலில் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் பொட்டாசியம் புரோமைடும் கலந்த கரைசலில் இடுவார்கள். வெள்ளி, வெள்ளிப் புரோமைடாக மாறும், படம் வெளிறிப்போகும். பிறகு கழுவி, சோடியம் சல்பைடுக் கரைசலில் இட்டால், போன படம் வெள்ளிச் சல்பைடாக மண்ணிறத்தில் திரும்பி வரும். அழுகிய முட்டை நாற்றமும் கூடவே வரும். அதைத் தாங்க முடியாதவர்கள் தயோயூரியாவுக்கு மாறினார்கள்.

அழகுக்காக மட்டும் இவ்வளவு பாடு படவில்லை. வெள்ளியைக் காற்றிலுள்ள மாசுகள் தாக்குவதுபோல வெள்ளிச் சல்பைடைத் தாக்குவதில்லை. அதனால் படம் நீண்ட காலம் நிலைக்கும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நிறம் மாறியது வெள்ளித் துகள் மட்டுமே. துகள் இல்லாத இடம், அதாவது படத்தின் தூய வெண்மை, வெறும் தாளாகவே இருந்துவிடும். மண்ணிறம் நிழலிலும் நடுத்தர ஒளியிலும்தான் குடியிருக்கிறது. கீழே நான் சொல்லப்போவதில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும் பழைய மண்ணிறப் படங்கள் எல்லாம் செபியாதானே?

அநேகமாக இல்லை. பழைய படம் மண்ணிறமாக இருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு; அவற்றில் ஒன்றுதான் செபியா.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படம் என்றால் அது அல்புமின் தாளாக இருக்கக்கூடும். பிரான்சைச் சேர்ந்த புளோங்கார் எவ்ரார் 1850இல் அறிமுகப்படுத்திய முறை அது. முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் படம் இயல்பாகவே செம்மண்ணிறமாக வரும். காலம் போகப்போக வெள்ளைப் பகுதிகளும் மஞ்சளாகும். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இந்தத் தீவிலேயே இறந்த பிரித்தானியப் படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரூனின் படங்களும் பெரும்பாலும் அல்புமின் தாளில் அச்சிடப்பட்டவைதான். அக்காலத்தில் இலங்கையின் தோட்டங்களையும் கோயில்களையும் மனிதர்களையும் படமெடுத்து விற்ற ஸ்கீன், ஸ்கோவன் நிறுவனங்களின் படங்களும் அப்படித்தான். இவற்றைப் பார்த்துவிட்டு "செபியா" என்கிறோம். செய்தவர்கள் செபியா செய்யவில்லை.

இரண்டாவது காரணம் அவசரம். படத்தைக் கழுவும்போது நிலைப்படுத்தும் உப்பை முழுமையாக அகற்றாமல் விட்டால், மிச்சமிருக்கும் கந்தகம் மெல்ல மெல்ல வெள்ளியைத் தாக்கி மஞ்சள் கலந்த மண்ணிறமாக்கிவிடும். படம் திட்டுத்திட்டாக வெளிறியிருந்தால், ஒரு மூலை மட்டும் கூடுதலாக மங்கியிருந்தால், இதைச் சந்தேகிக்கலாம். செபியா செய்த படம் அப்படித் திட்டுத்திட்டாக இருக்காது.

எந்த மென்பொருள் வேண்டும்? காசு கட்டி வாங்க வேண்டுமா?

வேண்டாம். கிம்ப் இலவசம். ஃபோட்டோபியா இணைய உலாவியிலேயே இயங்கும். உங்கள் படத்தைத் தன் சேவையகத்துக்கு அனுப்பாமல் உங்கள் கணினியிலேயே வேலையை முடிக்கும். கைபேசிக்கு ஸ்னாப்சீட். ஏற்கெனவே போட்டோஷொப், லைட்ரூம் வைத்திருப்பவர்கள் அவற்றிலேயே செய்யலாம். எதில் செய்தாலும் கணக்கு ஒன்றுதான்.

ஒரு பட்டனை அழுத்தினால் செபியா வந்துவிடுகிறதே. அதில் என்ன குறை?

வெள்ளை போய்விடுகிறது. அதுதான் குறை.

பல செயலிகளும் இணைய உலாவிகளும் செபியாவுக்கு ஒரே சூத்திரத்தைத்தான் வைத்திருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளையும் எடுத்து, புதிய சிவப்புக்கு 0.393, 0.769, 0.189 என்றும், புதிய பச்சைக்கு 0.349, 0.686, 0.168 என்றும், புதிய நீலத்துக்கு 0.272, 0.534, 0.131 என்றும் முறையே பெருக்கிக் கூட்டும். இப்போது நீங்களே கூட்டிப் பாருங்கள். முதல் வரிசையின் கூட்டுத்தொகை 1.351. இரண்டாவது 1.203. மூன்றாவது 0.937. அதாவது சிவப்பும் பச்சையும் ஒன்றைத் தாண்டுகின்றன.

கணினியில் ஒரு நிறத்தின் உச்ச அளவு 255. சாம்பல் நிறம் 189ஐ எட்டும்போதே சிவப்பு உச்சத்தில் முட்டி நின்றுவிடுகிறது. 212இல் பச்சையும் முட்டுகிறது. அதற்கு மேல் நீலம் மட்டுமே மாறும். தூய வெள்ளை 255, 255, 239 ஆகி இளமஞ்சளாகிறது. நடுச் சாம்பல் 128 இருக்க வேண்டிய இடத்தில் 173, 154, 120 வருகிறது. படம் முழுவதும் தேவையில்லாமல் வெளிச்சமாகிறது.

இந்தக் கணக்கின் விளைவைப் பார்க்க ஒரு பாடசாலைக் குழுப் படத்தை எடுத்து அந்தப் பட்டனை அழுத்துங்கள். நமது பிள்ளைகளின் சீருடை வெள்ளை. சட்டை மடிப்பு, பொத்தான், கழுத்துப்பட்டி எல்லாம் 212க்கு மேலேதான் இருக்கும். அழுத்திய பிறகு நாற்பது பிள்ளைகளும் மஞ்சள் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல நிற்பார்கள். மணமகனின் பட்டு வேட்டிக்கும் தேவாலயக் கல்யாணத்து வெள்ளைக் கவுனுக்கும் இதே கதிதான்.

அப்படியானால் சரியாகச் செய்வது எப்படி?

இரண்டு படிகள். முதலில் நல்ல கறுப்பு வெள்ளைப் படம். பிறகு நிறம். அநேகம் பேர் முதல் படியைத் தாண்டிக் குதிக்கிறார்கள்.

போட்டோஷொப்பிலும் ஃபோட்டோபியாவிலும் 'பிளாக் அண்ட் வைட்' என்ற திருத்த லேயரை (மூலப் படத்தைத் தொடாமல் அதன் மேல் விரிக்கும் அடுக்கை) போட்டுச் சாம்பல் அளவுகளைச் சரிசெய்யுங்கள். அதன் மேல் 'கிரேடியன்ட் மேப்' என்ற இன்னொரு திருத்த லேயர். இதன் வேலை எளிது: இருட்டுக்கு ஒரு நிறம், நடுவுக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று என்று நீங்கள் கொடுத்தால், சாம்பல் அளவுக்கேற்ப அவற்றைப் பரப்பும். தொடங்குவதற்கு, சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில், இருட்டுக்கு 28, 20, 14. நடுவுக்கு 142, 118, 92. வெளிச்சத்துக்கு 253, 250, 244 கொடுத்துப் பாருங்கள். கடைசி எண்களைக் கவனியுங்கள். வெள்ளை ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கிறது. நல்ல தாளின் வெண்மை போதும். கோதுமை மாவு நிறம் வேண்டாம்.

நிறம் கூடுதலாகத் தெரிந்தால் லேயரின் ஒபாசிட்டியை, அதாவது அது கீழுள்ளதை மறைக்கும் அளவைக் குறையுங்கள். மேல் லேயரின் கலப்பு முறையை 'கலர்' என்று மாற்றினால், கீழே நீங்கள் அமைத்த ஒளி அளவு கலையாமல் நிறம் மட்டும் ஏறும்.

'ஹியூ சாச்சுரேஷன்' பெட்டியில் 'கலரைஸ்' என்பதைத் தெரிவு செய்து, ஹியூ (நிறம்) 35 அளவிலும் சாச்சுரேஷன் (நிறச் செறிவு) 20 அளவிலும் வைப்பது இன்னொரு வழி. வேகமானது, மோசமில்லை. ஆனால் நிழலுக்கும் நடுவுக்கும் வேறு வேறு நிறம் கொடுக்க அதில் இடமில்லை.

கிம்ப்பில் இதே வேலை எங்கே இருக்கிறது?

'கலர்ஸ்' பட்டியலுக்குள் 'டீசாச்சுரேட்' என்பதன் கீழ் 'மோனோ மிக்சர்' இருக்கும். கறுப்பு வெள்ளைக்கு அதைப் பயன்படுத்துங்கள். பிறகு முன்னிற நிறமாகக் கடும் மண்ணிறத்தையும் பின்னிற நிறமாக மிக மெல்லிய பால்நிறத்தையும் தெரிவு செய்து, கிரேடியன்டுகளில் முன்னிறத்திலிருந்து பின்னிறத்துக்குப் போகும் ஒன்றை எடுங்கள். 'கலர்ஸ்', 'மேப்', 'கிரேடியன்ட் மேப்' என்று போனால் முடிந்தது. 2025இல் வந்த மூன்றாம் பதிப்பில் இப்படிப் போடும் திருத்தங்கள் பலவற்றைப் பின்னர் திறந்து மாற்றலாம், எல்லாவற்றையும் அல்ல. ஆகவே எந்தப் பதிப்பானாலும் முதலில் லேயரைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

'டீசாச்சுரேட்' பட்டியலில் 'செபியா' என்றும் ஒன்று இருக்கும். அதைத் தாண்டிப் போங்கள்.

கறுப்பு வெள்ளையாக்கியதும் மணமகளின் பொட்டு காணாமல் போய்விட்டது. ஏன்?

நல்ல கேள்வி. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

வண்ணப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று தனிப் படங்கள் ஒளிந்திருக்கின்றன. எதை எவ்வளவு கலக்கிறோம் என்பதில்தான் முகம் இருக்கிறது. சிவப்பை மட்டும் எடுத்தால் தோல் பளிச்சென்று வெளுக்கும். பருக்களும் தழும்புகளும் மறையும். கூடவே குங்குமமும் மறையும். ஏனென்றால் சிவப்புப் படத்தில் குங்குமம் வெளிச்சமான இடம். நீலத்தை மட்டும் எடுத்தால் தோல் கறுத்து, ஒவ்வொரு சுருக்கமும் எழுந்து நிற்கும். தங்கத்தில் நீலம் குறைவு என்பதால் தாலிக்கொடியும் இரும்புச் சங்கிலிபோல ஆகிவிடும். பச்சைதான் நமக்கு வேண்டியது. அதில் தோல் இயல்பாக இருக்கும், குங்குமம் கடும் புள்ளியாக நிற்கும், சிவப்புக் கூறை இருண்டு அதன் மேல் சரிகை தனியாகத் தெரியும்.

மோனோ மிக்சரில் பச்சைக்கு 0.6, சிவப்புக்கு 0.3, நீலத்துக்கு 0.1 வைத்துத் தொடங்குங்கள். கூட்டுத்தொகை ஒன்றாக இருக்கட்டும். போட்டோஷொப்பின் 'பிளாக் அண்ட் வைட்' லேயரில் இன்னும் நுட்பமாகச் செய்யலாம். நமது தோல் நிறம் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையில் இருக்கிறது; குங்குமமோ அசல் சிவப்பு. ஆகவே மஞ்சளைக் கூட்டி, சிவப்பைக் குறைத்தால் முகம் வெளிச்சமாகவே இருக்கும், பொட்டு மட்டும் கறுக்கும்.

பழைய காலத்துத் தோற்றத்தையே துல்லியமாகப் பிடிக்க விரும்புபவர்களுக்கு ஒரு தகவல். ஆரம்பகாலப் படத்தட்டுகளுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. அதனால் அக்காலப் படங்களில் உதடும் பொட்டும் கறுப்பாக, வானம் மேகமே இல்லாத வெறும் வெள்ளையாக இருக்கும். சிவப்பைப் பூச்சியமாக்கி, பச்சையையும் நீலத்தையும் பாதிப்பாதி கலந்தால் அந்தத் தோற்றம் வரும். வாவிக்கரையில் நின்று எடுத்த படத்துக்கு இது அழகு. முகத்தை நெருக்கமாக எடுத்த படத்துக்கு வேண்டாம்; மாநிற முகம் தேவைக்கு மேல் இருண்டுவிடும். முகத்தை வெளுப்பாக்கித் தரச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. நான் செய்வதில்லை. செபியாவில் மாநிறம்தான் அழகாக வரும். மண்ணிறத்தின் நடு அளவு முழுவதும் அங்கேதான் விளையாடுகிறது.

எவ்வளவு மண்ணிறம் சரியான அளவு?

பார்த்தவுடன் "செபியா" என்று சொல்லத் தோன்றினால் கூடிவிட்டது. கறுப்பு வெள்ளைதானே என்று நினைத்து, பக்கத்தில் உண்மையான கறுப்பு வெள்ளையை வைத்ததும் வித்தியாசம் தெரிந்தால் அதுதான் அளவு. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் அந்த நிறத்துக்குப் பழகிவிடும். மேலும் மேலும் கூட்டத் தோன்றும். எழுந்துபோய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

நிழல் கறுப்பாகவும் நடுப்பகுதி மட்டும் மண்ணிறமாகவும் இருக்கும் படங்களைப் பார்த்திருக்கிறேன். அது எப்படி?

இருட்டறையில் வெளிற வைக்கும் கரைசல் முதலில் வெளிச்சப் பகுதிகளைத்தான் தின்னும். நிழலைத் தொடும் முன்பே படத்தை வெளியே எடுத்துவிட்டால், நிழல் கறுப்பாகவே தங்கிவிடும். மென்பொருளில் கிரேடியன்ட் மேப்பின் இருட்டு நிறத்தை நடுநிலைக் கறுப்பாக விட்டு, நடுநிறத்தை மட்டும் மண்ணிறமாக்குங்கள். லைட்ரூமில் 2020இல் வந்த 'கலர் கிரேடிங்' பகுதியில் நிழல், நடு, வெளிச்சம் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சக்கரங்கள் உண்டு. நடுச் சக்கரத்தை மட்டும் 35, 40 அளவு ஹியூவுக்கு நகர்த்தினால் போதும். எனக்கு மிகவும் பிடித்த செபியா இதுதான். நிழல் கறுப்பாக இருப்பதால் படம் சோர்ந்துபோகாது.

கைபேசியில் மட்டும் செய்ய முடியுமா?

முடியும். ஸ்னாப்சீடில் 'பிளாக் அண்ட் வைட்' போட்டுப் பச்சை வடிகட்டியைத் தெரிவு செய்யுங்கள். பிறகு 'கர்வ்ஸ்' திறந்து, நீலக் கோட்டின் நடுவைச் சற்றுக் கீழே இழுத்து, சிவப்புக் கோட்டின் நடுவை அதைவிடக் குறைவாக மேலே தூக்குங்கள். இரு முனைகளையும் தொடாதீர்கள். முனையைத் தொடாவிட்டால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும்.

அம்மம்மாவின் பழைய படம் ஒன்று இருக்கிறது. அதை எப்படிக் கணினிக்குள் கொண்டுவருவது?

ஸ்கேன் செய்யும்போது கறுப்பு வெள்ளை என்று தெரிவு செய்யாதீர்கள். படம் முழுக்க மண்ணிறமாக இருந்தாலும் வண்ணத்தில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். கறை, பூஞ்சணம், மஞ்சளிப்பு எல்லாம் வெவ்வேறு நிறங்களில் பதிந்திருக்கும். நீலப் படத்தில் அசிங்கமாகத் தெரியும் ஒரு மஞ்சள் கறை சிவப்புப் படத்தில் பெரும்பாலும் இருக்கவே இருக்காது. அந்தச் சிவப்புப் படத்தை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினால் திருத்தும் வேலையில் பாதி குறைந்துவிடும்.

அங்குலத்துக்கு 600 புள்ளிகள் போதும். மூன்றுக்கு நான்கு அங்குலப் படம் 1800க்கு 2400 புள்ளிகளாகக் கிடைக்கும். ஆறுக்கு எட்டாகப் பெரிதாக்கலாம். தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். ஸ்கேனர் 16 பிட் (நிறத்தின் கூடுதல் நுண்படிகள்) தருமென்றால் அதையே எடுங்கள்.

ஒட்டும் பக்கங்கள் கொண்ட அல்பத்தில் சிக்கிய படத்தை இழுத்துப் பிய்க்க வேண்டாம். பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். கண்ணாடிப் பிரேமில் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு, யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, பிளாஷ் இல்லாமல், கமராவைப் படத்துக்குச் சரி நேராகப் பிடித்து எடுங்கள். மாரி காலத்தில் இப்படி ஒட்டிப்போவது இங்கே சகஜம். ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கொண்டுவராதீர்கள். பூஞ்சணம் பிடித்த படத்தில் ஈரம் பட்டால் மேற்பூச்சோடு முகமும் வந்துவிடும்.

திருத்திய பிறகு அந்தப் பழைய மண்ணிறத்தை வைப்பதா, எடுப்பதா?

இரண்டு கோப்புகளாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்தபடியே ஒன்று; அதைத் தொடவே கூடாது. சுவரில் மாட்டுவதற்குத் திருத்திய ஒன்று. திருத்தியதில் மஞ்சளித்த பழைய நிறத்தை முழுவதும் நீக்கி, மேலே சொன்னபடி புதிதாக அளவான மண்ணிறம் ஏற்றினால் முகம் தெளியும்.

எண்பதுகளில் எடுத்த கலர் படங்கள் சிவந்துவிட்டன. செபியா ஆக்கிவிடலாமா?

அந்தக் காலத்துக் கலர் தாள்கள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் மங்கிப்போகும். அது போனால் மிஞ்சுவது சிவப்பு. அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்தும் ஏன் இப்படி என்று வருந்துபவர்கள் தங்களை நொந்துகொள்ளத் தேவையில்லை. சாயத்தின் குறை அது.

முதலில் நிறத்தை மீட்கப் பாருங்கள். 'லெவல்ஸ்' பெட்டியில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து, இரு முனைகளையும் படத்தின் விளிம்புக்கு இழுத்தால் பல படங்கள் வியக்கத்தக்க அளவுக்குத் திரும்பி வரும். அப்படியும் வராதவற்றைச் செபியா ஆக்குங்கள். அங்கே செபியா நல்ல அடைக்கலம். சாமத்தியவீட்டுச் சேலையின் நிறம் போய்விட்டாலும் பிள்ளையின் சிரிப்பு இருக்கும்.

கீறல், மடிப்புக் கோடு, எரிந்த விளிம்பு எல்லாம் சேர்த்தால் இன்னும் பழசாகத் தெரியுமா?

தெரியாது. நாடகத்துக்கு ஒட்டிய தாடிபோலத் தெரியும். பழைய ஸ்டூடியோக்காரர்கள் கீறலே இல்லாத படம் கொடுப்பதற்காகத் தூரிகையும் பென்சிலும் வைத்து மணிக்கணக்கில் வேலை செய்தார்கள். சற்று மணல்மணலான தன்மை வேண்டுமானால் மிக மெல்லிய 'நொய்ஸ்' ஒன்று சேர்க்கலாம். அதுவும் கறுப்பு வெள்ளையாக இருக்கட்டும்.

எந்தப் படங்களுக்குச் செபியா பொருந்தும்?

ஒளியும் நிழலும் தெளிவாகப் பிரிந்திருக்கும் படங்களுக்கு. மட்டக்களப்புக் கோட்டையின் சுவரோரம் காலை வெயில் சாய்வாக விழும்போது எடுத்தது, கல்லடிப் பழைய பாலத்தின் இரும்புச் சட்டங்களுக்குள் மணமக்கள் நிற்பது, வாவியில் தோணிக்காரர் வலை வீசுவது. இவற்றில் நிறத்தை எடுத்தாலும் படம் நிற்கும்.

கோயில் திருவிழாப் படங்களைக் கொண்டுவந்து செபியா கேட்பவர்களிடம் நான் வாதாடுவேன். தீமிதிப்பில் தீயின் சிவப்பும் மஞ்சள் ஆடையும் வேப்பிலைப் பச்சையும்தான் படம். அதை மண்ணிறமாக்கினால் என்ன மிச்சம்? வயலும் அப்படித்தான். அம்பாறைப் பக்கத்து வயல்வெளி பச்சையாக இருக்கும்போது எடுத்த படம் செபியாவில் வெறும் சாம்பல் பாய். அறுவடை முடிந்து சூடு அடிக்கும் நேரத்துப் படமென்றால் பொருந்தும்.

ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டபோது நிறம் மாறிவிட்டது.

லாப் இயந்திரங்களின் மென்பொருள் தானாகவே நிறத்தைச் சரிசெய்யும். மண்ணிறம் முழுக்கப் பரவிய படத்தைக் கண்டால், வெளிச்சக் கோளாறு என்று நினைத்து அதை நீக்கப் பார்க்கும். விளைவு பச்சை கலந்த சாம்பல், அல்லது ஊதா. கோப்பைக் கொடுக்கும்போதே "தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிட்டுப் போடுங்கள்" என்று சொல்லுங்கள். கோப்பு எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற பொதுவான நிற வெளியில் இருக்கட்டும். பன்னிரண்டுக்குப் பதினெட்டு போடுவதற்கு முன் நான்குக்கு ஆறில் ஒன்று போட்டு, கடையின் குழல் விளக்கில் மட்டுமல்லாமல் வெளியே வந்து பகல் வெளிச்சத்திலும் பாருங்கள். படம் வீட்டில் எந்த விளக்கின் கீழ் தொங்கப்போகிறதோ அந்த வெளிச்சத்தில் சரியாக இருந்தால் போதும்.

31ஆம் நாள் நினைவு மலருக்குச் செபியாப் படம் போடுகிறோம். அச்சகத்துக்கு எப்படிக் கொடுப்பது?

ஒஃப்செட் அச்சில் நான்கு நிறங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். மண்ணிறம் நான்கும் கலந்து வருவதால், எங்காவது ஒரு மை சற்றுக் கூடினாலும் ஒரு பக்கத்தில் அப்பா சிவந்தும் அடுத்த பக்கத்தில் பச்சையாகவும் இருப்பார். மலரில் வேறு வண்ணப் படங்கள் இல்லையென்றால், கறுப்பும் மண்ணிற மையுமாக இரண்டு மைகளில் அச்சிட முடியுமா என்று கேளுங்கள். அதற்கு 'டியூட்டோன்' என்று பெயர். போட்டோஷொப்பில் படத்தை முதலில் 8 பிட் கிரேஸ்கேலாக மாற்றினால்தான் அந்த வாய்ப்பு திறக்கும். செலவு குறையலாம், பக்கத்துக்குப் பக்கம் நிறம் மாறும் தொல்லை நிச்சயமாகக் குறையும்.

தேசிய அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்பவர்களுக்கு: செபியா கூர்மை தராது. ஆனால் அட்டையைக் கைபேசியில் எடுத்த படம் என்றால் அதன் நிறப் புள்ளிகளை மறைக்கும். சிறிய படமாகப் போட்டால் கண்ணியமாக இருக்கும், முழுப்பக்கம் வேண்டாம்.

வட்ஸ்அப்பில் அனுப்பினால் முகத்தில் படிப்படியாகக் கோடுகள் தெரிகின்றன.

ஒரே நிறத்தின் மெல்லிய ஏற்ற இறக்கம்தான் செபியா. கோப்பை நெருக்கிச் சுருக்கும்போது அந்த ஏற்ற இறக்கம் படிக்கட்டாகிவிடும். ஆவணமாக அனுப்புங்கள். வேலையை 16 பிட்டில் செய்து கடைசியில் மட்டும் ஜேபெக் ஆக்கினால் இன்னும் குறையும்.

செபியா ஆக்கிய படத்தைத் திரும்பவும் கலராக்கலாமா?

மூலப்படம் இருந்தால் ஆம். இல்லையென்றால் இல்லை. செயற்கை நுண்ணறிவு கலர் போட்டுத் தருகிறதே என்பீர்கள். அது போடுவது ஊகம். அம்மப்பாவின் சால்வை பச்சையா நீலமா என்பது அதற்குத் தெரியாது. வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்களைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

இரசாயனச் செபியா நீண்ட காலம் நிலைக்கும் என்றீர்கள். இதுவும் நிலைக்குமா?

நிலைக்காது. கோப்பில் உள்ள மண்ணிறம் வெறும் எண். அச்சிட்டால் அந்த அச்சு மையின் ஆயுள்தான் அதன் ஆயுள். 1978 நவம்பர் சூறாவளியிலும் 2004 டிசம்பர் சுனாமியிலும் அல்பத்தோடு எல்லாம் போன வீடுகள் இந்தக் கரையில் எத்தனையோ. அவர்களுக்கு இன்று படம் கிடைப்பதென்றால், எப்போதோ ஒரு பிரதியைக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ உறவினருக்கு அனுப்பியிருந்தால்தான். ஸ்கேன் செய்த கோப்புகளையும் அப்படியே வேறு ஊரில் ஒரு கையில் கொடுத்து வையுங்கள்.

இன்று எடுத்த படத்தைச் செபியாவாக்கி "அந்தக் கால மட்டக்களப்பு" என்று பகிரலாமா?

கூடாது. அழகுக்காகச் செபியா போடுவதில் தவறில்லை. ஆண்டை மாற்றிச் சொல்வது பொய். அகப்பட்டும் போவீர்கள். கல்லடியில் பழைய பாலத்தின் பக்கத்திலேயே நிற்கும் புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. இரண்டும் ஒரே படத்தில் விழுந்திருக்கும்போது "அறுபதுகளில் கல்லடி" என்று எழுதினால் சிறுபிள்ளையும் சிரிக்கும். பழைய படங்களைத் தேடி ஊர் வரலாறு எழுதுபவர்களுக்கு இந்தப் போலிகள் பெரும் தொல்லை. படத்தின் கீழே எடுத்த ஆண்டை எழுதிவிடுங்கள்.

ஒரு முழு அல்பத்தையும் ஒரே மாதிரி மண்ணிறத்தில் செய்வது எப்படி?

முழு அல்பமும் வேண்டாம். சில பக்கங்கள் போதும் என்று முதலில் சொல்வேன். அப்படியும் வேண்டுமென்றால், ஒரு முகப் படத்தில் கிரேடியன்ட் மேப்பைச் சரியாக அமைத்து, அதைச் சேமித்து, மற்றப் படங்களுக்கும் அதே லேயரை இழுத்துப் போடுங்கள். நிறத்தை மாற்றாதீர்கள். ஆனால் அதன் கீழுள்ள கறுப்பு வெள்ளை லேயரை ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகத்தான் சரிசெய்ய வேண்டும். மணவறையின் மஞ்சள் விளக்கில் எடுத்ததும் முற்றத்து வெயிலில் எடுத்ததும் ஒரே அளவுக்கு அடங்காது. செய்து முடித்ததும் எல்லாப் படங்களையும் சிறிதாக்கித் திரையில் ஒன்றாகப் பரப்பிப் பாருங்கள். தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பது எதுவோ அதற்கு மட்டும் திரும்பப் போனால் போதும்.